பூரணம் வைத்த சிவப்பு பிஸ்கட்

திருமயத்தில் பீட்ரூட் போட்டு பிஸ்கட் சுட்ட முதல் ஆள் நான்தான். மறுப்பவர்கள் யாராவது இருந்தால் நேரில் வரட்டும், பேசிக்கொள்ளலாம். ஐம்பதுகளின் நடுவில் அந்த ஊரில் பீட்ரூட்டைக் கண்ணால் கண்டவர்களே பத்துப் பேர் தேறமாட்டார்கள். அதைத் துருவி, பிழிந்து, சாற்றைச் சுண்டக் காய்ச்சி, மாவில் பிசைந்து, உள்ளே பூரணம் வைத்து, மணல் சட்டியில் சுட்டு எடுத்தவள் நான். எனக்குத் தற்பெருமை ஜாஸ்தி என்று என் வீட்டுக்காரர் சொல்வார். இருந்துவிட்டுப் போகட்டும். செய்யாததைச் சொன்னால்தானே தப்பு.

நான் அப்போது சர்க்கார் மிட்வைஃப். சமஸ்தானம் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. கோட்டைக்குத் தெற்கே ஒரு தெருவில் பிரசவ வார்டும், அதை ஒட்டி எனக்கு ஒரு குவார்ட்டர்ஸும் கொடுத்திருந்தார்கள். ஓர் அறை, ஓர் அடுப்படி, அவ்வளவுதான். வீட்டுக்காரர் புதுக்கோட்டை காரைக்குடி பஸ்ஸில் கண்டக்டர். எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. ஊர்ப் பிள்ளைகளைப் பூமிக்குக் கொண்டுவரவே எனக்கு நேரம் சரியாக இருந்தது.

நாங்கள் வேதக்காரர்கள், ஏசுவைக் கும்பிடுகிறவர்கள். அதுவும் கீரனூர்ப் பக்கம் ஒரு சேரியிலிருந்து படித்து மேலே வந்த வேதக்காரர்கள். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. வேலை ஆர்டர் தபாலில் வந்து சேருவதற்குள் சாதி பஸ்ஸில் வந்து இறங்கிவிடும். தெருவில் எல்லோரும் "நர்ஸம்மா, நர்ஸம்மா" என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். வலி கண்டுவிட்டால் ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார்கள். எதிர்வீட்டு மருமகளுக்குத் தலைப்பிரசவம் பார்த்ததும் நான்தான். கால் முதலில் வந்த பிள்ளை. ஒரு பகல் முழுக்கப் போராடித் தாயையும் பிள்ளையையும் தனித்தனியாக எடுத்துக் கொடுத்தேன். மாமியார்க்காரி என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "மகமாயி மாதிரி வந்தீங்க தாயி" என்று அழுதாள். நான் வாசலைத் தாண்டியதும் நான் உட்கார்ந்திருந்த இடத்தைச் சாணி போட்டு மெழுகினாள். திரும்பிப் பார்த்தபோது என் கண்ணில் பட்டது.

சரி, அது வீட்டுக்குள் நடப்பது. பண்டிகைத் தட்டு வேறு விஷயம். தீபாவளிக்கு அவர்கள் எனக்குப் பலகாரம் தருவார்கள். வாழை இலையில் மடித்து என் வாசற்படியில் வைத்துவிட்டுக் குரல் கொடுப்பார்கள். கிறிஸ்துமஸுக்கு நான் எவர்சில்வர் தட்டில் பலகாரம் வைத்து, வெள்ளைத் துணி போட்டு மூடி, பதினோரு வீட்டுக்கும் கொண்டுபோவேன். "அங்கிட்டு வையுங்க நர்ஸம்மா" என்பார்கள். வெறும் தட்டைத் திருப்பித் தரக்கூடாது என்பதால் சாயங்காலம் தட்டு ஒரு பிடி சீனியோடு வரும். "ரொம்ப நல்லா இருந்துச்சு" என்று ஒரு வார்த்தையும் கூட வரும். அந்த ஒரு வார்த்தைக்காக நான் கார்த்திகை பிறந்ததிலிருந்தே மாவு சலிக்க ஆரம்பித்துவிடுவேன்.

முதல் வருஷம் அதிரசம் செய்தேன். நல்லா இருந்துச்சு. இரண்டாவது வருஷம் முறுக்குச் சுற்றினேன். ஒரு பிரசவத்துக்கு நடுவில் ஓடிப்போய் வந்ததில் உப்புப் போட மறந்துவிட்டேன். வீட்டுக்காரர் ஒன்றை வாயில் போட்டுவிட்டு, "ஏ புள்ள, இது முறுக்கா, சுண்ணாம்பா?" என்று கேட்டபோதுதான் தெரிந்தது. அதற்குள் தட்டுகள் போய்விட்டன. சாயங்காலம் பதினோரு தட்டும் வந்தன. ராவுத்தர் வீட்டம்மா மட்டும், "என்ன நர்ஸம்மா, உப்ப வித்துப்புட்டீங்களா?" என்று சிரித்தாள். மற்றப் பத்து வீட்டிலும் நல்லா இருந்துச்சு.

அன்றைக்கு என் மனதில் ஒரு முள் தைத்தது. மூன்றாவது வருஷம் கேக் செய்துகொண்டு போனேன். எதிர்வீட்டு மாமியார் துணியைத் தூக்கிக்கூடப் பார்க்காமல், "மார்கழி மாசமாச்சே, முட்ட கிட்ட போட்டிருப்பீங்களே" என்றாள். ஓகோ, முட்டைதான் குறையா, அதையும் நீக்கிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தப் பத்து வீட்டில் ஓர் ஆளாவது நான் செய்ததை வாயில் வைக்க வேண்டும். வைத்துவிட்டு, நல்லா இல்லை என்று சொன்னாலும் சரி. பிள்ளையைத் தொடலாம் என்கிற கை பிஸ்கட்டைத் தொட்டால் மட்டும் என்ன ஆகிவிடும்?

திருச்சியில் நான் படித்த ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக்கார மேட்ரன் இருந்தாள். கிறிஸ்துமஸ் லீவில் ஊருக்குப் போகாத எங்களை உட்காரவைத்துச் சிவப்பு பிஸ்கட் சுட்டுக் கொடுப்பாள். வெளியே செக்கச் செவேலென்று இருக்கும், கடித்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று பூரணம். முட்டை இல்லாமலும் செய்யலாம் என்று சொல்லியிருந்தாள். பீட்ரூட் துருவியது நான்தான் என்பதால் பாதி ஞாபகம் இருந்தது. வீட்டுக்காரர் திருச்சி லைன் டிரைவரிடம் சொல்லி ஊட்டி பீட்ரூட் வரவழைத்தார். கூடவே மைதா, வெண்ணெய்.

முதல் தடவை சுட்டபோது மானம் போயிற்று. மாவில் பார்க்க அத்தனை சிவப்பாக இருந்தது, மூடியைத் திறந்தால் மண் நிறம். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "வறட்டி தட்டி வச்சிருக்கியா?" என்றார். "ஆமா, ஒங்களுக்குத்தான், தின்னுங்க" என்று ஒன்றை எடுத்து அவர் மேலேயே எறிந்தேன். அவர் அதைப் பிடித்துத் தின்றுவிட்டார். மனுஷன் அப்படி.

இரண்டு நாள் யோசித்தேன். வார்டில் கர்ப்பிணிகளின் மூத்திரத்தைச் சோதிக்க ஒரு வண்ணக் காகிதம் வைத்திருப்போம். புளிப்பு பட்டால் அது சிவக்கும், காரம் பட்டால் நீலமாகும். அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது பளிச்சென்று தட்டியது. அட மடச்சி, நீ சோடா உப்பை அல்லவா அள்ளிப் போட்டாய்! மேட்ரன் புளித்த பாலை ஊற்றினாளே! அன்று மத்தியானமே எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து பீட்ரூட் சாற்றில் விட்டு, பாகு பதத்துக்குக் காய்ச்சி, சோடாவைக் கிள்ளுக்குக் குறைத்து, நன்றாகப் புளித்த தயிரை ஊற்றிப் பிசைந்தேன். பாலைச் சுண்டக் காய்ச்சி, தேங்காய்த் துருவலும் சீனியும் ஏலக்காயும் போட்டுக் கிளறிப் பூரணம் பிடித்தேன். கொழுக்கட்டைக்கு வைப்பதுபோலப் பூரணத்தை வைத்து மூடி, உள்ளங்கையால் லேசாக அமுக்கி, தகரத் தட்டில் அடுக்கினேன். அகல இருப்புச் சட்டியில் ஆற்று மணலைக் கொட்டிச் சூடாக்கி, அதன்மேல் தட்டை இறக்கி, மூடிமேல் கொட்டாங்கச்சித் தணலை அள்ளிக் கொட்டினேன். கொஞ்ச நேரத்தில் வந்த வாசனைக்குப் பக்கத்து வார்டில் படுத்திருந்த பிள்ளைத்தாய்ச்சி, "நர்ஸம்மா, அது என்ன? எனக்கு ஒண்ணு வேணும்" என்று கத்தினாள். சத்தியமாகச் சொல்கிறேன், மேட்ரன் சுட்டது இத்தனை சிவப்பாக இல்லை.

கிறிஸ்துமஸ் அன்று காலையில் ஜெபம் முடித்து வந்து பதினோரு தட்டு அடுக்கினேன். தட்டுக்கு எட்டு பிஸ்கட். எதிர்வீட்டில் மருமகள்தான் வாசலில் நின்றாள். "முட்டை கிடையாது. தயிரும் வெண்ணெயும்தான். நம்பிச் சாப்பிடலாம்" என்றேன். "சரிங்க நர்ஸம்மா, அங்கிட்டு வையுங்க" என்றாள்.

மத்தியானம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். எதிர்வீட்டில் ஒரே அலறல். மருமகள் தலைமுடி அவிழ்ந்தது தெரியாமல் தெருவைத் தாண்டி ஓடிவந்தாள். "நர்ஸம்மா, ஓடியாங்க! பசுவுக்கு வாயெல்லாம் ரத்தம்! செவப்பா நொர தள்ளுது! கோமாரின்னு மாமியா சொல்லுது. மாட்டு டாக்டரு புதுக்கோட்டையிலேருந்து வரணுமாம், அதுக்குள்ள செத்துப்போகும்!" என்று அழுதாள். அது சினை மாடு. நான் மாட்டுக்கு மிட்வைஃப் இல்லைதான். ஆனாலும் எச்சில் கையோடு எழுந்து, கழுவிக்கொண்டு ஓடினேன்.

கொல்லைப்புறத்தில் பாதித் தெரு கூடி நின்றது. மாடு குடிக்கிற கழனித்தொட்டித் தண்ணீர் சிவப்பாக இருந்தது. பசுவின் வாயிலிருந்து சிவப்பு நுரை ஒழுகியது. மாமியார் விபூதியை அள்ளி அதன் நெற்றியில் அப்பிக்கொண்டிருந்தாள். நான் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து, வாயைத் திறந்து, நாக்கைப் பார்த்தேன். புண் இல்லை, வெட்டு இல்லை. குனிந்து முகர்ந்தேன். ஏலக்காய் வாசனை.

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவினேன். பாதி கரைந்த பிஸ்கட் ஒன்று கையில் வந்தது. அதன் நடுவில் என் பூரணம் வெள்ளையாக இருந்தது. மருமகள் என்ன நிறம் என்றுகூடத் துணியை விலக்கிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ரத்தம் என்று நினைத்து என்னிடமே ஓடிவந்திருப்பாளா?

"ஆத்தா, அழுகாதீங்க" என்றேன். தெருவுக்கே கேட்கும்படித்தான் சொன்னேன். "இது ரத்தமில்ல, பீட்ரூட்டு. காலைல நான் கொண்டாந்த பலகாரம். ஒங்க மாட்டுக்கு ஒண்ணும் வராது. நல்ல வெண்ணெயில செஞ்சது, ரெண்டு படி கூடத்தான் கறக்கும். இத்தன வருசமா நான் மாட்டுக்குத்தான் கிறிஸ்துமஸ் கொண்டாடியிருக்கேன், எனக்குத்தான் தெரியாமப் போச்சு."

மாமியார் விபூதிக் கையோடு அப்படியே நின்றாள். மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். கூட்டத்தில் நின்றவர்களில் சிலர் மெல்ல நழுவி அவரவர் வீட்டுக் கொல்லைப்பக்கம் வேகமாக நடந்தார்கள். எதற்கு என்று எனக்கா தெரியாது? அன்றைக்கு அந்தத் தெருவில் நாலு மாட்டுக்கு வாய் சிவந்திருந்தது. ராவுத்தர் வீட்டில் மட்டும் பிள்ளைகளுக்கு வாய் சிவந்திருந்தது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கோபத்தில் அழுதேன், அவமானத்திலும் அழுதேன். வீட்டுக்காரர், "விடு புள்ள. வேற ஊருக்கு மாத்தல் கேட்டுப் போயிருவோம்" என்றார். எனக்கு அழுகை பட்டென்று நின்றுவிட்டது. "நான் எதுக்குப் போகணும்? மாட்டுக்குப் போட்டது அவுங்க. இனிமே இந்த வீட்டத் தாண்டி ஒரு தட்டுப் போகாது. வேணுங்கிறவங்க இங்க வந்து, என் வீட்டுல உக்காந்து, என் கண்ணு முன்னால தின்னட்டும்" என்றேன்.

"ஒருத்தரும் வரலேன்னா?"

"வரலேன்னா நீங்க தின்னுங்க. வறட்டியவே தின்ன ஆளுதானே."

அடுத்த வருஷம் முழுக்க வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. யார் வீட்டில் வலி என்று கூப்பிட்டாலும் போனேன். பிஸ்கட்டைத் தொட்டியில் போட்டவர்கள் வீட்டுக்கும் போனேன். பிரசவத்தில் பழி தீர்ப்பவள் மிட்வைஃப் இல்லை. எதிர்வீட்டு மருமகள் மறுபடி உண்டாகி, ஐப்பசியில் இரண்டாவதைப் பெற்றாள். ஆண் பிள்ளை, சுகப்பிரசவம். நான் தொப்புள்கொடியை வெட்டிக்கொண்டிருக்கும்போது அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வந்து, மாமியார் பக்கத்தில் இருந்ததால் விழுங்கிவிட்டாள். நானும் கேட்கவில்லை.

மார்கழி பிறந்ததும் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். "இந்த வருசம் தட்டு வராதுங்க. சிவப்பு பிஸ்கட்டு சுடுறேன். பண்டிகையன்னிக்கு வீட்டுக்கு வாங்க, உக்காந்து சாப்பிட்டுப் போங்க." சிலர் சிரித்தார்கள். சிலர் சரிங்க என்றார்கள். எதிர்வீட்டு மாமியார், "எங்களுக்கு அன்னிக்கு அறந்தாங்கியில ஒரு விசேசம்" என்றாள். டிசம்பர் இருபத்தைந்தாம் தேதி, மார்கழியில், யார் வீட்டில் விசேஷம் வைக்கிறார்கள்? நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

நூறு பிஸ்கட் சுட்டேன். வீட்டுக்காரர் எண்ணிப் பார்த்துவிட்டு ஒரு கிண்டல்கூடப் பண்ணவில்லை. அதுவே எனக்குப் பயத்தைக் கொடுத்தது. காலையில் புதுப் பாய் இரண்டை விரித்து, பெரிய தாம்பாளத்தில் பிஸ்கட்டை அடுக்கி நடுவில் வைத்து, கதவை விரியத் திறந்துவைத்தேன். ஒன்பது மணிக்கு ராவுத்தர் வீட்டம்மா நாலு பிள்ளைகளோடு வந்தாள். சாப்பிட்டு, சிரித்து, "இந்த வருசம் உப்பு இருக்கு" என்று கிண்டல் பண்ணிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு பத்து மணி ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. தெருவில் போகிறவர்கள் என் வாசலைப் பார்க்காமல் போவதற்காகக் கோட்டையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு போனார்கள். பிறந்ததிலிருந்து பார்க்கிற கோட்டையில் அன்றைக்கு என்ன புதிதாக இருந்ததோ! நான் தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாற்றல் கேட்டுப் போயிருக்கலாமோ என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக நினைத்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

பன்னிரண்டு இருக்கும். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. மருமகள் கைக்குழந்தையைத் தோளில் போட்டு, மூத்தவளைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். உள்ளேயிருந்து மாமியார், "ஏட்டி, அங்கிட்டு எங்க போற?" என்று சத்தம் போட்டாள்.

"நர்ஸம்மா வீட்டுக்குத்தேன்" என்று அவள் நடுத்தெருவில் நின்று திரும்பிச் சொன்னாள். அவள் குரல் அத்தனை உரக்க வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

உள்ளே வந்தாள். நான் பெஞ்சை இழுத்துப் போட்டேன். அவள் அதைப் பார்க்காமல் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஒரு வருஷமாக நான் மனதுக்குள் சேர்த்துவைத்த வசவு எத்தனையோ இருந்தது. 'மாட்டுக்குப் புடிக்கலியா, நீங்க வந்திருக்கீங்க?' என்று கேட்க வேண்டும் என்று நாள் கணக்காக ஒத்திகை பார்த்திருந்தேன். அது தொண்டை வரைக்கும் வந்தது. அவள் முந்திக்கொண்டாள்.

"போன வருசம் நான்தான் கவுத்தேன் நர்ஸம்மா. மாமியா சொல்லல. நானேதான். என்னன்னுகூடப் பாக்கல."

"தெரியும்" என்றேன். தாம்பாளத்தை அவள் பக்கம் நகர்த்தினேன்.

மூத்தவள் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, பூரணத்தை விரலால் தோண்டி நக்கினாள். இவள் ஒரு பிஸ்கட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பாதியைக் கடித்து மென்றாள். "கொஞ்சம் புளிக்குது" என்றாள். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. சந்தோஷப்படுகிறேனே என்று என்மேலேயே எனக்குக் கோபமும் வந்தது. இவள் தின்றால்தான் நான் மனுஷியா? ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். அவள் இன்னொன்று எடுத்தாள். மாவு தொண்டையில் அடைத்து விக்கல் வந்தது. நெஞ்சைத் தட்டிக்கொண்டே, "நர்ஸம்மா, குடிக்கத் தண்ணி குடுங்க" என்றாள்.

நான் எழுந்திருக்கவில்லை. காதில் விழுந்தது, ஆனால் கால் நகரவில்லை. அந்தத் தெருவுக்கு வந்த இத்தனை வருஷத்தில் அந்தப் பத்து வீட்டுக்காரர்கள் யாரும் என்னிடம் தண்ணீர் கேட்டதில்லை. வந்தவர்களுக்குக் கொடுக்கத் தனி டம்ளர்கூட நான் எடுத்துவைக்கவில்லை. அடுப்படியில் நானும் வீட்டுக்காரரும் குடிக்கிற பித்தளை டம்ளர் ஒன்றுதான் இருந்தது.

"விக்குதுங்க நர்ஸம்மா, சீக்கிரம்" என்றாள்.

போய்ப் பானையில் மொண்டு, அந்த டம்ளரில் கொண்டுவந்து நீட்டினேன். கீழே வைக்கச் சொல்வாள் என்று நினைத்தேன். கையிலிருந்தே வாங்கினாள். அண்ணாந்து ஊற்றிக்கொள்வாள் என்று நினைத்தேன். உதட்டில் வைத்துக் கடகடவென்று குடித்து முடித்து, "இன்னுங் கொஞ்சம்" என்று டம்ளரை நீட்டினாள்.